வஜ்ராசனத்துல உட்கார்ந்து ஓ.டி.பி. தேடலாமா?

‘‘தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற?’’

இந்தக் கேள்வியைக் காதுல வாங்காத இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் நம்ம சேலம், நாமக்கல் பக்கம் உண்டா பாஸ்? ‘‘இல்லீங்க்கா, மெக்கானிக்கல்’’னு சொன்னாலும், ‘‘எல்லாம் ஒண்ணுதானே கண்ணு!’’னு அடுத்த செகண்டே வேலையைக் கையில கொடுத்துடுவாங்க. கரன்ட் பில் கட்டறது, ரேஷன் கார்டுல பேர் சேர்க்கிறது, பிரின்டர் ரிப்பேர்... இந்த வரிசையில லேட்டஸ்ட் என்ன தெரியுமா? ‘‘ஆன்லைன்ல யோகா கிளாஸ் ஆரம்பிக்கிறேன். மாசாமாசம் பணம் கட்டி மெம்பர் ஆகுற மாதிரி வேணும். எந்த வெப்சைட் நல்லதுனு பார்த்துச் சொல்லு!’’

‘இதென்ன பிரமாதம்’னு நீங்க கூகுளைத் திறப்பீங்க. ‘யோகா டீச்சர்களுக்கான டாப் 10 பிளாட்ஃபார்ம்’னு வரிசையா வந்து நிக்கும். முதல் மூணுல ஒண்ணை எடுத்து அக்காகிட்ட நீட்டிடுவீங்க. அங்கேதான் இருக்கு வம்பு! அந்த லிஸ்ட்டுகள்ல பாதி, லிங்க்கை அமுக்கி நீங்க சேர்ந்தா எழுதினவருக்குக் கமிஷன் கிடைக்கிற சமாசாரம். மீதிப் பாதி, கலிஃபோர்னியாவுல ஸ்டூடியோ வெச்சிருக்கிறவங்களை மனசுல வெச்சு எழுதினது. நம்ம அக்கா இருக்கிறதோ தம்மம்பட்டியில!

தம்மம்பட்டி தெரியும்ல? சேலம் மாவட்டம், கெங்கவல்லி தாலுகா. ஆத்தூர்ல பஸ் ஏறினா கொல்லிமலையையும் பச்சமலையையும் பார்த்துக்கிட்டே போய் இறங்கலாம். சுவேத நதிக்கரை ஊர். தூங்குவாகை மரத்துல சாமி சிலையும் வாசக்காலும் செதுக்குற கைக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர். ஜல்லிக்கட்டுக்கும் பேர் போன ஊர். இந்த ஊர்ல ஒரு யோகா அக்கா இருக்காங்கனு வெச்சுக்குவோம். நிஜ ஆள் இல்லை, கணக்குப் போட வசதியா நாமளா உட்கார வெச்ச ஆள். காலையில அஞ்சரை மணி கிளாஸ். 40 பேர் மெம்பர். ஆளுக்கு மாசம் 300 ரூபாய். மொத்தம் 12,000 ரூபாய். இந்தப் பன்னெண்டாயிரத்தை மனசுல வெச்சுக்கங்க. கட்டுரை முழுக்க இதைத்தான் துரத்தப் போறோம்.

அதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு கேள்வி கேட்டே ஆகணும். ‘‘நீங்க விக்கப்போறது என்னங்க்கா?’’

கோபப்படுவாங்க. ‘‘யோகாவைப் போய் விக்கிறதுங்கிறியே!’’ம்பாங்க. பரவாயில்லை, பொறுமையா விளக்குங்க. தினமும் லைவ்வா கிளாஸ் எடுக்கிறது ஒரு ரகம். வீடியோவா எடுத்து அடுக்கி வெச்சு, ‘வேணும்கிறப்ப பார்த்துக்கங்க’னு விடுறது இன்னொரு ரகம். ‘உனக்கு முதுகு வலி, நீ இதைப் பண்ணு, உனக்கு பி.பி., நீ அதைப் பண்ணாதே’னு ஆளுக்கு ஆள் சொல்லித் தர்றது மூணாவது. இந்த மூணுக்கும் மூணு வகைக் கடை வேணும். வெள்ளைக்காரங்க பிளாட்ஃபார்ம் நிறைய ரெண்டாவது ரகத்துக்காகக் கட்டினது. வீடியோ லைப்ரரி!

அது அங்கே நல்லாவே ஓடுது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்துல ஏட்ரியன் மிஷ்லர்னு ஒருத்தங்க 2012-ல யூடியூப்ல யோகா சொல்லித்தர ஆரம்பிச்சாங்க. 2015-ல தனியா சந்தா கட்டிப் பார்க்கிற வீடியோ சேவையும் தொடங்கிட்டாங்க. இலவச யூடியூப்தான் வாசல், சந்தா வீடுதான் உள்ளே. ஆனா, அந்த வாசல்ல லட்சக்கணக்குல கூட்டம் நின்ன பிறகுதான் உள்ளே நூறுல ஒருத்தர் வந்தாலும் கட்டுப்படியாகும். தம்மம்பட்டி அக்காவுக்கு வாசல்லயே நாப்பது பேர்தான்!

நம்ம ஊர் மரபைப் பார்த்தா, அது மூணாவது ரகம். மைசூர்ல இருந்து 1950-கள்ல சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சார்யா தன் பிற்காலத்துல அழுத்திச் சொன்னது, யோகா ஆளுக்குத் தக்க மாதிரி இருக்கணும்கிறதுதான். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல சென்னையில ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் பேர் வாங்கினதே ஒருத்தருக்கு ஒருத்தர் உட்கார்ந்து சொல்லித்தர்ற பாணியாலதான். இதுல ஒரு வேடிக்கை... அதே கிருஷ்ணமாச்சார்யாவும் அவர் சிஷ்யர் பி.கே.எஸ். அய்யங்காரும் ஆசனம் போடுற படத்தை 1938-லயே கேமராவுல பிடிச்சு வெச்சிருக்காங்க. இன்னிக்கும் யூடியூப்ல ஓடுது. பேசாத படம்தான், ஆனா நம்மாளுங்க வீடியோவுக்கு லேட்டா வந்தவங்க இல்லை!

கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டியை ஞாபகம் இருக்கா? சேலை கட்டிக்கிட்டே சர்வ சாதாரணமா ஆசனம் போட்டவங்க. 2018-ல பத்மஸ்ரீ. 2019-ல 99 வயசுல காலமாகுற வரைக்கும் அவங்ககிட்ட இருந்த ‘பிளாட்ஃபார்ம்’ வீட்டுக் கூடமும், அவங்களைப் பார்த்து டீச்சர் ஆன பிள்ளைங்களும் பேரப்பிள்ளைங்களும்தான். மெம்பர்ஷிப்னா முதல்ல இந்த ஒட்டுதல்தான். சாஃப்ட்வேர் அதுக்கு அப்புறம்.

சரி, சாஃப்ட்வேருக்கு வருவோம்.

<b>பன்னெண்டாயிரம் எங்கே போச்சு?</b>

முதல் வழி: யூடியூப் மெம்பர்ஷிப். நம்மாளுங்களுக்கு ரொம்பப் பழகின இடம். ஆனா, உடனே கிடைக்காது. 500 சப்ஸ்கிரைபர், 90 நாள்ல 3 வீடியோ, ஒரு வருஷத்துல 3,000 மணி நேரம் பார்த்திருக்கணும் (இல்லைன்னா 90 நாள்ல ஷார்ட்ஸ் 30 லட்சம் வியூஸ்)... இதெல்லாம் தேறினாத்தான் அந்தப் பட்டனே வரும். வந்த பிறகும் நூத்துக்கு எழுபதுதான் டீச்சருக்கு. அதாவது 12,000-ல 3,600 அங்கேயே போச்சு. கைக்கு வர்றது 8,400. ‘வாடகை இல்லை, சர்வர் இல்லை, ஆள் தேடி வருவாங்க’னு நினைச்சா அது நியாயமான விலைதான். ஆனா, நம்ம அக்காவோட 40 பேரும் யூடியூப்ல தேடி வந்தவங்க இல்லையே. பக்கத்துத் தெரு பத்மா சொல்லி, பத்மாவோட நாத்தனார் சொல்லி வந்தவங்க. தானா வந்த ஆளுக்கு எதுக்கு முப்பது பர்சென்ட் தரகு?

ரெண்டாவது வழி: பேட்ரியான். 2013-ல ஒரு அமெரிக்க இசைக் கலைஞரும் அவர் நண்பரும் சேர்ந்து ஆரம்பிச்சது. 2025 ஆகஸ்ட்டுக்குப் பிறகு புதுசா சேர்ற டீச்சர்களுக்குப் பத்து பர்சென்ட் கழிவு. அதாவது 1,200. அது போக, பணம் மாத்துற கட்டணம் தனி. இது போதாதுனு, 2024 நவம்பர்ல இருந்து ஐபோன் ஆப்புக்குள்ள சேர்றவங்க பணத்துல ஆப்பிள் தன் பங்குக்கு 30 பர்சென்ட் கேட்க ஆரம்பிச்சது. அதனால வெளிநாட்டுல இருக்கிற மெம்பருக்கு லிங்க் அனுப்பும்போது, ‘பிரவுசர்ல திறந்து சேருங்க’னு ஒரு வரி சேர்த்துடணும்.

மூணாவது வழி: அந்த ‘டாப் 10’ லிஸ்ட்ல ஜொலிக்கிற கஜாபி, யூஸ்க்ரீன் மாதிரி வெளிநாட்டுக் கடைகள். வேலை சுத்தம், பார்க்கவும் அழகு. உங்க பேர்லயே சைட், ஆப் எல்லாம் வரும். ஆனா வாடகை டாலர்ல. மாசம் 100 டாலர்னு வெச்சுக்கிட்டு, டாலரை 85 ரூபாய்னு குறைச்சே போட்டாலும் 8,500 ரூபாய். அக்காவுக்கு மிச்சம் 3,500. மெம்பர் பத்துப் பேர் நின்னுட்டா 500! மழை வந்தாலும் வாடகை, ஆடி வந்தாலும் வாடகை. ஆயிரம் மெம்பர் இருக்கிறவங்களுக்கு இதே கணக்கு தலைகீழாயிடும், சதவிகிதத்தைவிட வாடகை லாபம். நாப்பது பேருக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுற கதை.

நாலாவது, நம்ம நாட்டுக் கடைகள். கோச்சிங் சென்டர்காரங்களுக்காக வந்த கிளாஸ்ப்ளஸ், அன்அகாடமி குடும்பத்துல இருந்து வந்த கிராஃபி, எக்ஸ்லி... இப்படி நிறைய. ரூபாய்ல பில், யு.பி.ஐ. உள்ளேயே இருக்கும். ஆனா பெரும்பாலும் வருஷ சந்தாவை மொத்தமா வாங்கப் பார்ப்பாங்க. சேல்ஸ்ல இருந்து போன் பண்ற அண்ணன் இனிக்க இனிக்கப் பேசுவார். ‘‘ஒரு மாசம் ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றோம்ண்ணா’’னு நீங்களே பேசி வாங்கிடுங்க. அக்காவைப் பேச விடாதீங்க, பாவம்.

அஞ்சாவது, எந்தக் கடையும் வேணாம்னு ஒரு ஜி.பே. நம்பரும் வாட்ஸ்அப் குரூப்பும். சிரிக்காதீங்க. தனிநபருக்கு யு.பி.ஐ.ல அனுப்புறதுக்கு ஒரு பைசா பிடித்தம் கிடையாது. 12,000-மும் அப்படியே வரும். நாக்பூர்ல இருந்து ஓடுற ஹாபில்ட் தெரியுமா? ஐ.ஐ.டி. பி.எச்.யூ.வுல படிச்ச சவுரப் போத்ரா ஆரம்பிச்சது. கின்னஸ் வரைக்கும் போன பெரிய கூட்டம். அவங்களே மெம்பர்களை எழுப்பிக் கூட்டிட்டு வர்றது எப்படித் தெரியுமா? வாட்ஸ்அப்ல காலையில லிங்க், யூடியூப்ல லைவ்! ஜனங்க ஏற்கெனவே எங்கே உட்கார்ந்திருக்காங்களோ அங்கேயே கிளாஸைக் கொண்டு போயிட்டாங்க.

அப்ப ஏன் எல்லாரும் ஜி.பே.லயே நிக்கக் கூடாது? ஏன்னா, யார் கட்டினா, யார் கட்டலைனு மாசாமாசம் அக்காதான் உட்கார்ந்து பார்க்கணும். ‘‘ஏங்க, இந்த மாசம் பணம்...’’னு இழுத்துக் கேட்கணும். கேட்கிறவங்க டீச்சர், கேட்கப்படறவங்க சித்தி முறை! மரவள்ளி விலை விழுந்த மாசம் ‘அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன் கண்ணு’ம்பாங்க. அக்காவால ஒண்ணும் சொல்ல முடியாது. மெம்பர்ஷிப் சாஃப்ட்வேரோட நிஜமான வேலை வீடியோ காட்டுறது இல்லை பாஸ்... இந்தச் சங்கடத்தை அக்காகிட்ட இருந்து பிடுங்கி மெஷின்கிட்ட கொடுக்கிறதுதான்!

<b>தானா கழியுமா பணம்?</b>

வெளிநாட்டு பிளாட்ஃபார்ம்ல எல்லாம் ஒரு நம்பிக்கை இருக்கும். கார்டு நம்பரை ஒரு தடவை கொடுத்துட்டா, மாசாமாசம் தானா கழியும்னு. இந்தியாவுல அப்படி இல்லை. 2021 அக்டோபர் 1-ல இருந்து ரிசர்வ் வங்கி விதி மாறிடுச்சு. தானா கழியுற பணத்துக்கு முதல்ல ஓ.டி.பி. போட்டு அனுமதி தரணும். ஒவ்வொரு தடவை கழியுறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி தகவல் வரணும். 5,000 ரூபாய்க்கு மேலன்னா ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி.னு இருந்தது. 2022 ஜூன்ல அதை 15,000 ஆக்கினாங்க. விதி வந்த புதுசுல எத்தனையோ பேரோட சந்தா பாதியில நின்னு போச்சு. ஆப்பிளே 2022-ல இந்தியாவுல ஆப் ஸ்டோருக்குக் கார்டு வாங்குறதை நிறுத்திடுச்சுனா பார்த்துக்கங்க.

இது ஜனங்க பணத்தைக் காப்பாத்துற விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனா, பிளாட்ஃபார்ம் பார்க்கும்போது உங்க முதல் கேள்வி இதுவாத்தான் இருக்கணும்: ‘யு.பி.ஐ. ஆட்டோபே இருக்கா?’ 2020 ஜூலையில வந்த வசதி. மெம்பர் தன் போன்ல ஒரு தடவை பின் நம்பர் போட்டா முடிஞ்சது, 300 ரூபாய் மாசாமாசம் தானா கழியும். வேண்டாம்னா அதே போன்ல அவங்களே நிறுத்திக்கலாம், அக்காவைக் கெஞ்ச வேண்டியதில்லை. ரெண்டு பக்கமும் மரியாதை!

ரேஸர்பே மாதிரி ஒரு இந்திய கேட்வே வழியா வாங்கினா பொதுவா 2 பர்சென்ட் பிடிப்பாங்க. அந்தப் பிடித்தத்துக்கு 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. சேர்த்தா 2.36. நம்ம 12,000-ல 283 ரூபாய் சொச்சம். சங்கடம் தீர்றதுக்கு அது பெரிய காசு இல்லை. ஆனா அக்கவுன்ட் திறக்க பான் கார்டு, பேங்க் கணக்கோட, சைட்ல ‘பணம் திரும்பத் தர்றது எப்படி’ன்னு ஒரு பக்கம், தொடர்புகொள்ள ஒரு பக்கம் எல்லாம் கேட்பாங்க. அதை எழுதித் தர்றது உங்க வேலை. தமிழ்லயும் ஒண்ணு எழுதி வைங்க.

ஜி.எஸ்.டி.னதும் பயந்துடாதீங்க. வருஷ வருமானம் 20 லட்சம் தாண்டினாத்தான் சேவைத் தொழிலுக்குப் பதிவு. அக்காவோடது 1,44,000. தாண்டுற அளவுக்கு வளர்ந்தா அன்னிக்கு ஒரு ஆடிட்டரையே வெச்சுக்கலாம்.

<b>சிங்கப்பூர்ல மணி எட்டு</b>

தம்மம்பட்டியில அஞ்சரைன்னா சிங்கப்பூர்ல காலை எட்டு. துபாய்ல நாலு, பாவம் எழுந்திருக்க மாட்டாங்க. நியூயார்க்ல கோடைக் காலத்துல முந்தின நாள் ராத்திரி எட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி கரெக்ட்டான டைம். கல்யாணம் ஆகிப் போன ஊர்ப் பொண்ணுங்க, வேலைக்குப் போன பசங்க, அம்மாவோட டீச்சர்கிட்டயே தமிழ்ல கத்துக்க ஆசைப்படுவாங்க. உள்ளூர்ல 300 வாங்குற அக்கா அவங்ககிட்ட தாராளமா கூட வாங்கலாம்.

அவங்க பணம் எப்படி வரும்? பேபால், 2021 ஏப்ரல்ல இருந்து இந்தியாவுக்குள்ள இந்தியருக்கு அனுப்புற வேலையை நிறுத்திடுச்சு. வெளிநாட்டுல இருந்து வாங்குறது இன்னும் உண்டு. 2023-ல ரெண்டு நல்லது நடந்துச்சு. சிங்கப்பூர், அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம் உள்பட பத்து நாட்டு நம்பர்கள்ல இருக்கிற நம்மவங்க, தங்களோட என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ. கணக்கை யு.பி.ஐ.ல இணைக்க வழி வந்தது. சிங்கப்பூரோட பே-நவ், நம்ம யு.பி.ஐ.யோட கை கோத்தது. அதனால ‘வெளிநாட்டு மெம்பர் இருக்காங்க, வெளிநாட்டு பிளாட்ஃபார்ம்தான் வேணும்’னு அவசரப்படத் தேவையில்லை.

<b>பாட்டிக்கு பாஸ்வேர்டு தெரியாது</b>

இப்ப தலைப்புக்கு வர்றேன். உங்க அம்மா போனை எடுத்து ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டுப் பாருங்க. அது போன் வாங்கின அன்னிக்குக் கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்த ஜிமெயிலா இருக்கும். பாஸ்வேர்டு அந்தப் பையனுக்கே மறந்திருக்கும்! ஆனா பல பிளாட்ஃபார்ம்களும் ‘ஈமெயில், பாஸ்வேர்டு’னுதான் கதவைத் திறக்குது. மொபைல் நம்பர் போட்டா ஓ.டி.பி. வர்ற மாதிரி வேணும். அதுலயும் ஒரு முடிச்சு. சில வீட்ல அந்த நம்பர் பெங்களூர்ல வேலை பார்க்கிற பையன் கையில இருக்கும். அம்மா இங்கே அஞ்சரைக்கு வஜ்ராசனத்துல உட்கார்ந்து காத்துக்கிட்டிருக்க, ஓ.டி.பி. அங்கே தூங்குற பையனோட போன்ல போய் நிக்கும். அதனால ஒரு தடவை உள்ளே போயிட்டா திரும்பத் திரும்ப வெளியே தள்ளாத ஆப்பாப் பாருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை வைங்க. 55 வயசு தாண்டின ஒரு அம்மாகிட்ட லிங்க்கை அனுப்பிட்டு, வாயைத் திறக்காம பக்கத்துல உட்காருங்க. லிங்க்கை அமுக்கினதுல இருந்து அக்கா முகம் தெரியுற வரைக்கும் எத்தனை தடவை உங்களை நிமிர்ந்து பார்க்கிறாங்கனு எண்ணுங்க. மூணு தடவைக்கு மேலன்னா அந்தக் கடை வேண்டாம்.

டேட்டாவையும் பார்க்கணும். சாதாரணத் தரத்துல ஒரு மணி நேர வீடியோவே சுமார் அரை ஜி.பி. குடிக்கும். தினம் ஒண்ணரை ஜி.பி. பேக் போட்டிருக்கிற வீட்ல, காலையிலயே மூணுல ஒரு பங்கை யோகா சாப்பிட்டா, ராத்திரி சீரியலுக்கு யார் பதில் சொல்றது? வீடியோ தரத்தைக் குறைச்சுப் பார்க்க வழி இருக்கா, ஒரு தடவை டவுன்லோடு பண்ணி வெச்சுக்க முடியுமானு செக் பண்ணுங்க. லைவ்வுக்கு இலவச ஜூம்னா 40 நிமிஷத்துல கட் ஆகிடும். சவாசனத்துல படுத்திருக்கும்போது வெளியே தள்ளிடும். இலவச கூகுள் மீட்னா குரூப்புக்கு ஒரு மணி நேரம்.

கேமரா பத்தி ஒரு துணைக் கதை. யோகாக்ளோனு ஒரு அமெரிக்க கம்பெனி, கிளாஸ் நடக்கும்போது கேமராவை மாணவர்களுக்குப் பின்னாடி வெச்சு, நடுவுல டீச்சர் வரைக்கும் ஒரு சந்து விட்டுப் படம் பிடிக்கிற முறைக்கு 2013-ல பேட்டன்ட்டே வாங்கிடுச்சு! யோகா உலகமே கொதிச்சது. 2014-ல அவங்களே கைவிட்டுட்டாங்க. அதனால நீங்க தைரியமா பின்னாடி கேமரா வைக்கலாம். வீட்ல இருந்து பார்க்கிறவங்களுக்குக் கடைசி வரிசையில உட்கார்ந்த மாதிரியே இருக்கும். நமக்கெல்லாம் பழகின இடம்தானே!

<b>லிஸ்ட் யார்கிட்ட?</b>

இதுதான் எனக்கு எல்லாத்தையும்விட முக்கியமாப் படுது. 2020 ஜூன் 29. ராத்திரியோட ராத்திரியா டிக்டாக் உள்பட 59 ஆப்புக்குத் தடை. தடை சரியா, தப்பாங்கிறது வேற பஞ்சாயத்து. சின்னச் சின்ன ஊர்ல இருந்து லட்சம் ஃபாலோயர் சேர்த்த எத்தனை பேர், மறுநாள் காலையில ஒரு நம்பர்கூடக் கையில இல்லாம நின்னாங்க? அவங்க ரசிகர் யார், எந்த ஊர், எப்படிக் கூப்பிடறது... எதுவும் தெரியாது. 2014-ல ஆர்குட்டும் 2019-ல கூகுள் ப்ளஸ்ஸும் மூடினப்பகூட முன்கூட்டியே சொல்லிட்டு மூடினாங்க. இதுக்கு அந்த அவகாசமும் இல்லை.

தம்மம்பட்டி சிற்பத் தெருவுல இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். சிலையைச் செதுக்குறவர் ஒருத்தர். அது நடுவுல ஒரு கடை கைமாறிப் போனா, எந்த ஊர்ல யார் வீட்டு பூஜை ரூம்ல நிக்குதுனு கடைக்காரருக்குத்தான் தெரியும். அடுத்த சிலை வேணும்னாலும் போன் அடிக்கிறது கடைக்குத்தான். வாங்கினவங்க விலாசம் யார்கிட்ட இருக்கோ, வியாபாரம் அவங்ககிட்ட.

அதனால பிளாட்ஃபார்ம்காரங்ககிட்ட கேட்க வேண்டிய ரெண்டாவது கேள்வி: ‘மெம்பரோட பேர், நம்பர், எந்தத் தேதி வரைக்கும் பணம் கட்டியிருக்காங்க... இதை எக்ஸெல் ஃபைலா நானே எடுத்துக்க முடியுமா?’ ‘முடியும்’னு சொன்னா, எடுத்துக் காட்டச் சொல்லுங்க. ‘கம்பெனிக்கு மெயில் போடுங்க’னா, நாளைக்கு அதே கம்பெனி வாடகையை ஏத்தும்போது அக்காவால வெளியே வர முடியாது. யூடியூப், பேட்ரியான், வாட்ஸ்அப், நாட்டுக் கடை எதுவா இருந்தாலும் சரி, மாசத்துக்கு ஒரு தடவை அந்த லிஸ்ட்டை இறக்கி அக்கா கம்ப்யூட்டர்ல வெச்சுடுங்க. கம்ப்யூட்டர் இல்லைன்னா நோட்டுல எழுதி வைங்க. நோட்டு ஹேங் ஆகாது.

அந்த லிஸ்ட்ல இருக்கிறது பெரும்பாலும் பெண்கள் நம்பர். இதை நாம பசங்க சட்டுனு யோசிக்கிறதில்லை. சாதா வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்தா எல்லாரோட நம்பரும் எல்லாருக்கும் தெரியும். ஊர்ல இதால எத்தனை வீட்ல பேச்சு வந்திருக்கும்! பிராட்காஸ்ட் லிஸ்ட்ல நம்பர் தெரியாது, ஆனா 256 பேர்தான், அவங்க அக்கா நம்பரை சேவ் பண்ணியிருக்கணும். நாப்பது பேருக்கு இது தாராளம். 2023-ல வந்த வாட்ஸ்அப் சேனல்லயும் ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது. லைவ் கிளாஸ்ல அக்கா திரையை மட்டும் ரெக்கார்டு பண்ணணும், மெம்பர் முகம் ஒண்ணுகூட வரக் கூடாது. நைட்டியில ஆசனம் போடுற ஒருத்தங்களோட ஸ்க்ரீன்ஷாட் வெளியே போனா, மெம்பர்ஷிப் அன்னிக்கே முடிஞ்சது. அவங்களுக்கு முடியறது அது மட்டும் இல்லை.

இன்னொண்ணு, சேர்ற ஃபார்ம்ல பி.பி., சுகர், கர்ப்பம், ஆபரேஷன்னு கேட்டாகணும். கேட்காம ஆசனம் சொல்லித்தர்றது ஆபத்து. ஆனா அந்தப் பதில் எல்லாம் எந்தக் கம்பெனி சர்வர்ல போய் உட்காருதுனு பாருங்க. நாட்டுல 2023-லயே தனிநபர் தகவல் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தாச்சு. என் ஓட்டு, அந்த நாலு கேள்வியை மட்டும் ஆன்லைன்ல வைக்காம அக்காவே போன்ல கேட்டு எழுதி வெச்சுக்கிறதுக்குத்தான். அப்படிப் பேசுற அஞ்சு நிமிஷத்துலதான் கிருஷ்ணமாச்சார்யா சொன்ன ‘ஆளுக்குத் தக்க’ யோகாவும் ஆரம்பிக்கும்.

இவ்வளவும் படிச்சுட்டு ‘கடைசியா எதைத்தான் சொல்ற?’னு கேட்கிறீங்களா... நாப்பது பேர் இருக்கிற அக்காவுக்கு நான் இப்படிச் சொல்வேன். கிளாஸ் லைவ்வா மீட்ல. லிங்க் பிராட்காஸ்ட்ல. பணம் யு.பி.ஐ. ஆட்டோபே இருக்கிற ஒரு கேட்வேல. லிஸ்ட் நோட்டுல. மாச வாடகை ஜீரோ. இதே முறையில ஆறு மாசம் ஓட்டி, மெம்பர் நூத்தைம்பதைத் தாண்டி, ‘நேத்து கிளாஸ் மிஸ் பண்ணிட்டேன், வீடியோ இருக்கா?’னு தினம் பத்து பேர் கேட்க ஆரம்பிச்சாங்கனா, அன்னிக்கு ஒரு நாட்டுக் கடையில வாடகைக்கு இடம் பார்க்கலாம். அதுவும் மாச சந்தாவுல, வருஷத்துக்குக் கட்டாம.

நீங்களே யோகா டிப்ளமோ முடிச்சுட்டு ஹாஸ்டல் ஜூனியர்களுக்கு கிளாஸ் எடுக்கிற ஆளா? உங்களுக்கும் இதே கணக்குதான். ஒரே ஒரு வித்தியாசம்... காலேஜ் பசங்ககிட்ட ஆட்டோபே போட்டா மாசக் கடைசியில கணக்குல பணமே இருக்காது. கழியுற தேதியை வீட்ல இருந்து பணம் வர்ற நாளுக்கு மறுநாளா வெச்சுடுங்க!